மடங்கத் தெரிந்த இரும்பு

பூந்தமல்லி கரையான்சாவடிக்குப் பக்கத்தில் ஒரு டிங்கரிங் ஷெட். வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்த வெள்ளைக் காரைப் பெரியவர் மூன்றாவது முறையாகச் சுற்றி வந்தார். முன்பக்கம் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. பானெட் நடுவில் தூக்கிக்கொண்டு கூடாரம் மாதிரி நின்றது. ரேடியேட்டர் இன்ஜினோடு ஒட்டிக் கிடந்தது. பம்பரைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

"தகரம்யா... சுத்தத் தகரம்" என்றார் யாரையும் பார்க்காமல்.

முந்தைய ஞாயிற்றுக்கிழமை இரவு, ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகிற சாலையில், பருத்திப்பட்டைத் தாண்டியதும் ஒரு பைக் குறுக்கே வந்திருக்கிறது. அதற்காக மகன் ஸ்டியரிங்கை ஒடித்திருக்கிறான். வண்டி நேராகப் போய் நடுச்சாலைக் கான்கிரீட் தடுப்பில் மோதி நின்றது. மகனுக்கு நெஞ்சுக்குக் குறுக்கே பெல்ட் பதிந்த கன்றல். மருமகளுக்கு மணிக்கட்டில் சின்ன விரிசல். பின் சீட்டில் இருந்த பத்து வயதுப் பேத்திக்கு ஒரு கீறல்கூட இல்லை.

வீட்டில் எல்லோரும் திருவேற்காடு கருமாரியம்மனுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தார்கள். பெரியவருக்கு மட்டும் கோபம் தீரவில்லை. கோபம் மகன் மேல் அல்ல, வண்டி மேல். அதை வாங்கியதில் அவருடைய பி.எஃப். பணமும் கொஞ்சம் இருக்கிறது. "எங்க காலத்து அம்பாசிடரா இருந்தா தடுப்புதான் உடைஞ்சிருக்கும்" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்ஷூரன்ஸ் பணம் வந்தால் அதே மாடலை வாங்கப் போவதாக மகன் சொன்னதிலிருந்து அவனோடு பேச்சே குறைந்துவிட்டது.

அன்று அவர் ஷெட்டுக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. புது வண்டி வந்தால் அதன் முன்னால் கனமான இரும்புக் குழாயில் ஒரு கார்டு போட எவ்வளவு ஆகும் என்று கேட்க வேண்டும். துணைக்கு மனைவியின் தம்பியையும் அழைத்து வந்திருந்தார்.

அந்த வீட்டில் ஒரு பழைய கேலி உண்டு. இரும்பை வளைப்பது அம்பத்தூர் வேலை. வளையாமல் பார்த்துக்கொள்வது ஆவடி வேலை. பெரியவர் 1979இல் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் சேர்ந்தவர். 2017 வரை பவர் பிரஸ்ஸின் முன்னால் நின்றவர். தட்டையான ஷீட்டை டைக்குள் வைத்தால் ஒரே அடியில் கிண்ணமாகவோ, மூடியாகவோ, வண்டி பாகமாகவோ வெளியே வரும். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் பிரஸ் ஓடிக்கொண்டே இருக்கும். மச்சானோ டேங்க் ஃபேக்டரி. கனரக வாகனத் தொழிற்சாலை என்ற முழுப்பெயரை ஆவடியில் யாரும் சொல்வதில்லை. 1965இல் விஜயந்தா டேங்கை வெளியே அனுப்பிய இடம். பிறகு டி-72, டி-90, அங்கேயே பக்கத்தில் உள்ள ராணுவ வாகன ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த அர்ஜுன் என்று வரிசையாக டேங்குகள் அங்கே உருவாயின. மச்சான் 1983இல் அப்ரன்டிஸாகச் சேர்ந்து, பரிசோதனைக்கூடத்தில் இரும்பை இழுத்தும் அடித்தும் பார்த்தே ஓய்வு பெற்றவர்.

"நீயே பாரு மாப்ளே. உங்க டேங்க் இப்படி நசுங்குமா?" என்றார் பெரியவர்.

மச்சான் சிரித்தார். "நசுங்கக் கூடாது மாமா. ஆனா இது நசுங்கணும்."

"என்னப்பா பேசற?"

மச்சான் பதில் சொல்லாமல் தரையில் கிடந்த ஒரு கட்டுக்கம்பியை எடுத்தார். பெரியவர் கையில் கொடுத்து, ஒரே இடத்தில் வேகமாக மடக்கி மடக்கி நிமிர்த்தச் சொன்னார். ஏழெட்டு முறை ஆனதும் மடிந்த இடத்தைத் தொடச் சொன்னார். சுட்டது.

"நீங்க செலவு பண்ண பலம் எங்க போச்சு? இங்கதான் சூடா நிக்குது. இரும்பு மடியும்போது அடியைச் சாப்பிடுது மாமா. மடியாத இரும்பு சாப்பிடாது. பின்னாடி இருக்கறவனுக்கு அப்படியே அனுப்பிடும்."

டீ வந்தது. இருவரும் பழைய டயர்களின் மேல் உட்கார்ந்தார்கள். மச்சானுக்கு இது நாற்பது வருடத்து விஷயம். கேட்க ஆள் கிடைத்தால் விடமாட்டார்.

இரும்பு எப்படி வளைகிறது? அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கின்றன. ஒரு வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் நகர வேண்டுமென்றால் அதற்கு மிகப் பெரிய பலம் வேண்டும். அது அப்படி நகர்வதில்லை. கூடத்தில் விரித்த பெரிய ஜமக்காளத்தை அப்படியே இழுத்தால் வராது. ஓரத்தில் ஒரு சுருக்கம் உண்டாக்கி, அந்தச் சுருக்கத்தை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளினால் ஜமக்காளம் சுலபமாக நகர்ந்துவிடும். உலோகத்துக்குள்ளும் அதே மாதிரி சுருக்கங்கள் இருக்கின்றன. 1934இல் டெய்லர், ஒரோவன், பொலான்யி என்ற மூன்று பேர் தனித்தனியாக இதைக் கண்டு சொன்னார்கள். அந்தச் சுருக்கங்கள் நகர்வதைத்தான் நாம் இரும்பு வளைகிறது என்கிறோம்.

"நகர நேரம் வேணும் இல்லையா? அங்கதான் விஷயம். மெதுவா அமுக்கினா சுருக்கம் நிதானமா நகரும். திடீர்னு அடிச்சா நேரம் பத்தாது, இரும்பு விறைச்சுக்கும். ஒரு சாதாரண மைல்டு ஸ்டீல், நாங்க மெஷின்ல மெதுவா இழுக்கறப்போ காட்டற பலத்தைவிட, மோதற வேகத்துல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு பலம் காட்டும். அதே இரும்புதான். மெதுவா கேட்டா வளையும், அதட்டிக் கேட்டா முறைக்கும்."

"எங்க மேஸ்திரி மாதிரி" என்றார் பெரியவர். அந்த வாரத்தில் அவர் முதல்முறையாகச் சிரித்தது அப்போதுதான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த ரகசியம் இல்லை. 1872இலேயே இங்கிலாந்தில் ஜான் ஹாப்கின்சன் என்பவர் இரும்புக் கம்பியைத் தொங்கவிட்டு, மேலிருந்து எடையை விழவிட்டு அறுத்துப் பார்த்தார். கம்பி அறுவதைத் தீர்மானித்தது எடை எவ்வளவு என்பதைவிட, அது எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது என்பதுதான். அதாவது, எவ்வளவு வேகமாக வந்தது என்பதுதான். அவர் மகன் பெர்ட்ராம் ஹாப்கின்சன் 1914இல், ஒரு வெடியின் அடி நீளமான எஃகுத் தண்டு வழியாக ஓடுவதை வைத்தே அந்த அடியை அளக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அடி விழுந்த சேதி எஃகுக்குள் வினாடிக்குச் சுமார் 5 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 1949இல் கோல்ஸ்கி என்பவர் அந்தத் தண்டை இரண்டாக்கி, நடுவில் சோதிக்க வேண்டிய உலோகத் துண்டை வைத்தார். இன்றும் உலகமெங்கும் உலோகங்களின் அதிர்ச்சி குணத்தை அந்த வழியில்தான் பார்க்கிறார்கள்.

"அப்போ டேங்குல என்னதான் நடக்குது?" பெரியவருக்கு ஆர்வம் வந்துவிட்டது.

டேங்கை அடிக்க வருகிற குண்டுகளில் ஒரு வகை, அம்பு மாதிரி மெல்லிசாக, டங்ஸ்டன் கலவையில் செய்தது. எடை சில கிலோதான். வேகம் வினாடிக்கு ஒன்றரை கிலோமீட்டர் அல்லது அதற்கும் மேல். இன்னொரு வகையில் செம்பில் செய்த ஒரு கூம்பு, அதன் பின்னால் வெடிமருந்து. வெடித்ததும் கூம்பு உள்பக்கமாக நசுங்கி, மெல்லிய செம்புத் தாரையாகப் பீறிட்டு வரும். அதன் நுனி வேகம் வினாடிக்குச் சுமார் 8 கிலோமீட்டர். அம்பத்தூர் ஸ்டேஷனிலிருந்து ஆவடி ஸ்டேஷனுக்கு ஒரு வினாடி!

"செம்பு உருகிடும்னுதான் எல்லாரும் நினைப்பாங்க. பெரும்பாலும் உருகறதில்ல மாமா. கெட்டியா இருந்தபடியே தண்ணி மாதிரி ஓடுது. படற இடத்துல அழுத்தம், நம்ம காத்தோட அழுத்தத்தைப் போலப் பல லட்சம் மடங்கு. அந்த அழுத்தத்துல எதிர்ல இருக்கற எஃகும் தண்ணி மாதிரிதான் விலகும். அங்க கெட்டி, இளசுங்கற பேச்சே கிடையாது. அதனால வெறும் தடிமனை நம்பி டேங்க் செய்ய முடியாது. அர்ஜுனுக்கு ஹைதராபாத்துல இருக்கற ராணுவ உலோக ஆராய்ச்சிக் கூடத்துல 'காஞ்சன்'னு ஒரு கவசம் செஞ்சாங்க. வேற வேற பொருளை அடுக்கடுக்கா வெச்சது. அடியை ஒவ்வொரு அடுக்கும் கொஞ்சம் கொஞ்சமா வாங்கிக்கணும், உள்ள விடக்கூடாது."

"சரிதான். அந்த மாதிரி கார் செஞ்சா என்ன?"

மச்சான் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அவர் சொல்ல வந்தது இதுதான்.

"அர்ஜுன் மார்க்-1ஏ எடை 68 டன். அது மேல சில கிலோ குண்டு வந்து அடிக்குது. டேங்க் அசையாது. குண்டு உள்ள வராம இருந்தா போதும். டேங்குக்கு எதிரி வெளியில இருந்து வர்றான். காருக்கு? அந்தக் கான்கிரீட் தடுப்பு சும்மாதானே நின்னுட்டு இருந்தது! கார்ல ஓடற வேகம்தான் மாமா எதிரி. அந்த வேகம் வண்டிக்கு மட்டும் இல்ல, உள்ள உட்கார்ந்திருக்கற ஒவ்வொருத்தருக்கும் இருக்கு. வண்டி நின்னாலும் அவங்களையும் யாராவது நிறுத்தணும்."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கையோடு வைத்திருந்த ஷெட் பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டார்.

மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது மூன்றாவது மாடியிலிருந்து கீழே விழுகிற வேகம். அந்த வேகத்தில் வருகிற கார், முன்பக்கம் 60 சென்டிமீட்டர் மடங்கி நின்றால், நிற்க எடுக்கும் நேரம் ஒரு வினாடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. முன்பக்கம் மடங்காமல் 10 சென்டிமீட்டரில் நின்றால், அந்த நேரமும் ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நேரம் ஆறில் ஒரு பங்கானால், உடம்பு தாங்க வேண்டிய பலம் ஆறு மடங்கு.

"பாப்பா என்ன வெயிட்டு?"

"முப்பது கிலோ இருப்பா."

"60 சென்டிமீட்டர்னா, பெல்ட் அவளைப் பிடிச்சு நிறுத்த அரை டன் பலம் போதும். கண் இமைக்கிற நேரம், தாங்கிக்குவா. நீங்க சொல்ற மாதிரி மடங்காத வண்டின்னா மூணு டன்."

மூன்று டன்.

பெரியவர் பேசவில்லை. டன் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பத்தெட்டு வருடம் அவர் பேசிய கணக்கு அது ஒன்றுதான். ஐம்பது டன் பிரஸ், நூறு டன் பிரஸ். 1986இல் ஒரு நைட் ஷிஃப்டில், தூக்கக் கலக்கத்தில் கிளட்ச்சை மிதித்தபோது, அவருடைய இடது கை ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போய்விட்டது. வலி தெரிவதற்கு முன்னாலேயே விரல் போயிருந்தது. திடீரென்று விழுகிற அடி எப்படி இருக்கும் என்று அவர் உடம்பு அறியும். அந்த அடியைப் பேத்தியின் நெஞ்சில் வைத்து அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எழுந்து காருக்குப் போனார். இந்த முறை சுற்றி வரவில்லை. முன்னால் குந்தி உட்கார்ந்து, பம்பரைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து உள்ளே பார்த்தார். பம்பருக்குப் பின்னால், வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்றாக, சதுரக் குழாய் மாதிரி இரண்டு பெட்டிகள். இரண்டும் கொல்லன் துருத்தி போல மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருந்தன. கிழிசல் இல்லை. மடிப்புகள் ஒரே சீரான இடைவெளியில் இருந்தன.

அவர் கட்டைவிரலால் அந்த மடிப்பைத் தடவினார். பிறகு சுருங்காமல் மிச்சமிருந்த பகுதியில், விளிம்பில் போட்டிருந்த சின்னப் பள்ளத்தை.

"மாப்ளே... இதை நான் போட்டிருக்கேன்."

கடைசி ஏழெட்டு வருடம் அவர் பிரஸ்ஸில் ஓடிய பாகங்களில் ஒன்று அது. அதே பெட்டி என்று சொல்ல முடியாது, அதே ஜாதி. முதல் நாள் டையைப் பார்த்ததும் அவருக்கு எரிச்சலாக இருந்தது. நல்ல ஷீட், நல்ல வளைவு, அதில் போய் வேண்டுமென்றே இடையிடையே பள்ளம் போடுகிறார்களே! சூப்பர்வைசரிடம் கேட்டார். "வீக் ஆயிடாதா சார்?" "டிராயிங்ல அப்படித்தான் இருக்கு. நீங்க போடுங்க." அவரும் போட்டார். ஒரு ஷிஃப்டுக்கு எத்தனையோ நூறு. யாரோ படித்தவர் செய்த தப்பை, நம் கையால் செய்கிறோம் என்ற நினைப்போடுதான் அத்தனையையும் போட்டார்.

"வீக் ஆகத்தான் மாமா" என்றார் மச்சான். "எங்க முதல்ல மடங்கணும்னு இரும்புக்குச் சொல்லிவெச்சிருக்கு. சொல்லாம விட்டா, அது இஷ்டத்துக்கு எங்கேயாவது ஒரே இடத்துல ஒடிஞ்சு சாஞ்சிடும். அடியைச் சாப்பிடாது. பள்ளம் இருந்தா ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசையா மடியும்."

பெலா பாரென்யி என்ற மெர்சிடிஸ் பொறியாளர் 1950களின் தொடக்கத்தில் சொன்ன யோசனை இது. அதுவரை உலகமே பெரியவர் மாதிரிதான் நினைத்துக்கொண்டிருந்தது, கெட்டியான வண்டிதான் பாதுகாப்பான வண்டி என்று. பாரென்யி காரை மூன்றாகப் பிரித்தார். முன்னும் பின்னும் மடங்கட்டும், மனிதர்கள் இருக்கிற நடுக்கூடு மட்டும் மடங்கக் கூடாது. 1959இல் அது விற்பனைக்கு வந்த காரில் இடம்பிடித்தது. இன்று பல கார்களில் அந்த நடுக்கூட்டுத் தூண்களுக்குப் போரான் கலந்த எஃகைச் சுமார் 900 டிகிரி வரை காய்ச்சி, அச்சுக்குள் வைத்து அழுத்தியபடியே குளிரவைக்கிறார்கள். சாதாரண எஃகைவிடப் பல மடங்கு உறுதி. ஒரே வண்டியில் அம்பத்தூர் வேலையும் உண்டு, ஆவடி வேலையும் உண்டு.

மச்சான் பின்கதவைக் காட்டினார். "திறந்து பாருங்க."

பெரியவர் கைப்பிடியை இழுத்தார். கதவு எந்தச் சிரமமும் இல்லாமல், ஷோரூமில் திறப்பது போலத் திறந்தது. முன்பக்கம் அத்தனை நசுங்கியும், பேத்தி உட்கார்ந்திருந்த இடம் அப்படியே இருந்தது. சீட்டில் அவளுடைய ஹேர்பேண்ட் ஒன்று கிடந்தது. எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வெல்டிங் பையன் அளவு நாடாவோடு வந்தான். "கார்டுக்கு எந்தச் சைஸ் பைப்பு சார் போடலாம்?"

"வேணாம்பா" என்றார் பெரியவர்.

அவன் விடவில்லை. "எல்லாரும் போடறாங்க சார்."

மச்சான் குறுக்கிட்டார். இப்படிக் கார்டு போடக் கூடாது என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. பம்பர் வாங்க வேண்டிய அடியைக் கார்டு நேராகச் சட்டத்துக்குக் கொண்டுபோய்விடும். மடங்க வேண்டியது முறையாக மடங்காது. எப்போது மோதினோம் என்று காற்றுப்பையின் சென்சார் புரிந்துகொள்வதும் தடுமாறலாம். எதிரில் நடந்து போகிறவர் மேல் பட்டால், அவருக்கு அது இரும்புத் தடி.

"அப்ப இந்தப் பெட்டியையாவது இழுத்து நிமிர்த்திடவா சார்? புதுசு வெலை அதிகம்" என்றான் பையன்.

இதற்குப் பெரியவரே பதில் சொன்னார். இது அவருடைய தொழில். "ஒரு தடவை மடிஞ்ச ஷீட்டை நிமிர்த்தினா பாக்கத்தான் நேரா இருக்கும். மடிஞ்ச இடம் இறுகிப்போயிருக்கும். அடுத்த தடவை அதே மாதிரி மடியாது, வெடிச்சுடும். மாத்தித்தான் ஆகணும்." கையிலிருந்த கட்டுக்கம்பியை அதே இடத்தில் இன்னும் இரண்டு முறை மடக்கினார். பட்டென்று ஒடிந்தது. பையன் புரிந்தது போலத் தலையாட்டினான்.

"ஹெல்மெட்டும் அப்படித்தான் தம்பி" என்றார் மச்சான், அவன் பைக்கில் தொங்கிய ஹெல்மெட்டைப் பார்த்து. "உள்ள இருக்கற தெர்மாகோல் நசுங்கித்தான் உன் தலையைக் காப்பாத்தும். ஒரு தடவை நல்லா அடிபட்டா தூக்கிப் போட்டுடு."

அன்று சாயங்காலம் அம்பத்தூர் வீட்டில் மகன் போனைப் பார்த்தபடி திண்ணையில் உட்கார்ந்திருந்தான். பெரியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஒரு வாரமாக நடக்காத காரியம்.

"என்ன வண்டி பார்த்துட்டு இருக்கே?"

"அதே மாடல்தான்ப்பா" என்றான், சண்டைக்குத் தயாரான குரலில்.

"பாரு. ஆனா ஸ்டார் பார்த்து வாங்கு. இப்பல்லாம் மோதவிட்டுப் பார்த்து ஸ்டார் போடறாங்களாமே, மாமா சொன்னான்." 2023இல் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையைத்தான் சொன்னார். மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் காரை ஒரு பக்கமாக மோதவிட்டு, உள்ளே உட்காரவைத்த பொம்மைகளுக்கு என்ன ஆகிறது என்று பார்க்கிறார்கள்.

மகன் போனிலிருந்து கண்ணை எடுத்து அப்பாவைப் பார்த்தான். என்ன கேட்பது என்று தெரியாமல், "கார்டு போடணும்னீங்களே?" என்றான்.

"வேணாம். மடங்கறது மடங்கட்டும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆவடியில் ஒரு உறவினர் வீட்டு விசேஷம். கால் டாக்ஸி வந்தது. பெரியவர் எப்போதும் முன்சீட்டுக்காரர். வேட்டி கசங்கும், மூச்சு முட்டும் என்று பெல்ட் போடமாட்டார். போலீஸைப் பார்த்தால் மட்டும் அதை மடிமேல் இழுத்துப் பிடித்துக்கொள்வார். அன்று பின்சீட்டில் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்தார். பெல்ட்டை இழுத்தார். குறைந்த விரலோடு இடது கையால் கொக்கியைப் பிடித்துப் பூட்டில் நுழைக்க முயன்றார். இரண்டு முறை நழுவியது.

"குடுங்க தாத்தா" என்றாள் பேத்தி. வாங்கி அழுத்தினாள். கிளிக் என்று சத்தம் வந்தது.

அவளுடையது சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார் பெரியவர். பிறகு டிரைவரிடம் சொன்னார்.

"போலாம்பா. மெதுவாவே போ."